அம்மா தளர்த்திய பல்பு

மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்குக் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் வாங்கப் போயிருந்தேன். "இது பேரலல்ம்மா. ஒண்ணு போனாலும் மத்தது பாட்டுக்கு எரியும்" என்று கடைக்காரர் ஒரு பல்பைத் திருகிக் கழற்றியே காட்டினார். மற்றவை கொஞ்சமும் அசராமல் எரிந்தன. எனக்கோ முறுக்கு வாசனை வந்தது. விளக்குக் கடையில் ஏது முறுக்கு என்று சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது சீரியல் செட். ஒரே ஒயரில் ஒன்றை அடுத்து ஒன்றாகக் குட்டிக் குட்டிக் கலர் பல்புகள். கரண்ட் ஒரு பல்புக்குள் புகுந்து வெளியே வந்துதான் அடுத்ததற்குப் போக வேண்டும், வேறு வழி கிடையாது. வருகிற வோல்டேஜை எல்லாமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால்தான் அத்தனை சின்ன பல்புகள் கருகாமல் பிழைத்தன. ஒன்று போனால் வழி அறுந்து மொத்தமும் இருட்டாகிவிடும். எது போனது என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. நல்ல பல்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் இடத்திலும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒருவர் மாற்ற, இன்னொருவர் சுவிட்சை நிறுத்தி நிறுத்திப் போட வேண்டும். வாயை மூடிக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

ஆனால் ஒரு வருஷம் எங்கள் அப்பாவும் அக்கா வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதில்லை. அக்கா கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு இலை போடத் தாமதமாகிவிட்டதாம். அவ்வளவுதான் விஷயம்! சிதம்பரத்திலிருந்து அக்காவைக் கூட்டி வருபவர் தெருமுனையோடு திரும்பிவிடுவார். அக்கா குழந்தைக்கு முதல் கிறிஸ்துமஸ் என்பதால் அந்தத் தடவை உள்ளே வந்து, விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "இந்தத் தடவையும் பேசலன்னா நான் இனிமே இங்க வரமாட்டேம்மா" என்று அக்கா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா சுவிட்சைப் போட்டார். சரம் எரியவில்லை. அவர் பல்பு மாற்ற உட்கார்ந்தார், மாப்பிள்ளை தானாக எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார்.

"போடச் சொல்லு" என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல். சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. முறுக்கு பிழிய வேண்டும் என்று என்னையும் அக்காவையும் அம்மா அடுப்படியிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். "போடச் சொல்லுன்னா!" அம்மா என்னைப் போக விடாமல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அப்பாவின் குரல் இறங்கி வந்தது. "மாப்ள, போடுங்க."

"போட்டேன் மாமா. எரியல."

"நிறுத்துங்க. அடுத்தத பாப்போம்."

அக்கா மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் சரம் மொத்தமும் எரிந்தது. அப்பா கழற்றிய பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது நல்லாத்தான இருக்குது. லூசாத்தான் இருந்துது" என்று அடுப்படிப் பக்கம் திரும்பினார். அம்மா மும்முரமாக முறுக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒன்று போனால் எல்லாம் போகும். கரண்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அது மட்டும்தான். அன்று ராத்திரி மாப்பிள்ளை எங்கள் வீட்டில் தங்கினார்.

இந்த வருஷம் என் இரண்டு பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். பெரியவனுக்கு சிப்காட்டில் வேலை, சின்னவன் சிதம்பரத்தில். இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம், மாதக்கணக்காகப் பேச்சில்லை. ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு போன். நேற்று சாயங்காலம் வாசலுக்குப் போய், யாரும் பார்க்காதபோது புதுச் சரத்தில் ஒரு பல்பைத் திருகி எடுத்தேன். பேரலல் என்று தெரிந்தேதான் எடுத்தேன். கை கேட்கவில்லை. இதில் ஒவ்வொரு பல்புக்கும் கரண்ட் வந்து போகத் தனி வழி, ஒன்றின் தயவு இன்னொன்றுக்குத் தேவையில்லை. மற்றவையெல்லாம் ஜோராக எரிந்தன.

பெரியவன் வெளியே வந்தான். "ஒண்ணு எரியலப்பா, தம்பியக் கூப்பிட்டுப் பாரேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "இருந்துட்டுப் போவுதும்மா. மத்ததெல்லாம் எரியுதுல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அந்த பல்பு இன்னும் என் முந்தானையில்தான் முடிந்து கிடக்கிறது.