ஒரு சொம்பு தண்ணீர்

எங்கள் அப்பா மாடு வளர்க்கக் கற்றுக்கொண்டது செல்போனில்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர், ஒருநாள் கடையை மூடிவிட்டு, கெடார் கிராமத்தில் தாத்தா விட்டுப்போன நிலத்தில் ஷீட் போட்ட வீடு கட்டி எங்களைக் கூட்டிப்போனார். இனிமேல் உப்பைத் தவிர எதையும் கடையில் வாங்கப்போவதில்லை என்றார். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. வருஷத்துக்கும் சேர்த்துவைக்கிறேன் என்று வீடியோ பார்த்துப் பார்த்து வடகம் போட்டாள், கருவாடு போட்டாள். வடகம் மழையில் கரைந்தது. கருவாட்டில் புழு வைத்தது.

மாடு மட்டும் எங்களை ஏமாற்றவில்லை. நெற்றியில் வெள்ளை விழுந்த ஜெர்சி கலப்பு. வந்த புதிதில் ஒரு தெருநாய் அதன் மூக்கில் கடித்துவிட்டு ஓடியது. அப்பா மஞ்சள் வைத்தார், காயம் ஆறியது, நாங்கள் மறந்துபோனோம்.

மாங்காய்க் காலம் வந்ததும் அம்மா ஊறுகாயில் இறங்கினாள். ஓடு முற்றிய காய்கள் என்பதால் அப்பாவே அருவாமனையில் உட்கார்ந்து வெட்டினார். செல்போன் பிரித்த கைக்கு அது பிடிபடவில்லை. ஆள்காட்டி விரலில் ஆழமாக வெட்டிக்கொண்டார். மாங்காய்ச் சாறு பட்டு எரிய எரிய, எல்லாவற்றையும் வெட்டி முடித்துத்தான் எழுந்தார். அம்மா ஜாடியை நிரப்பி வாயில் துணியால் வேடு கட்டிவிட்டு, கொட்டைகளை மாட்டுக் கொட்டகைப் பக்கம் குப்பையில் கொட்டினாள்.

மறுநாள் மாடு தீவனத்தைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. கத்தினால் தொண்டை கட்டிய ஆள்போலக் கரகரவென்று சத்தம் வந்தது. பக்கத்து நிலத்துப் பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

“மாங்கொட்டைய முழுங்கிடுச்சு போலக்குது. தொண்டையில சிக்கிக்கினு பேஜாரு பண்ணுது பாரு.”

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. கொட்டையைக் கொட்டியது அவள்தானே. அப்பா அவளை ஒன்றும் சொல்லவில்லை. நேராகச் செல்போனை எடுத்தார். ஒருவர் மாட்டின் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு தொண்டையிலிருந்து எதையோ எடுக்கும் வீடியோ கிடைத்தது. அதை இரண்டுமுறை ஓட்டிப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டார்.

“பாப்பா, டார்ச்ச நல்லா உள்ள அடி.”

நான் அடித்தேன். முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். மாட்டின் கண் எனக்கு வெகு அருகில் இருந்தது. தினமும் என் கையை நக்கும் மாடுதான், ஆனால் அந்தக் கண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

சாயங்காலம் மாட்டு டாக்டர் வந்தார். கொட்டகைக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தார்.

“நாய் ஏதாச்சும் கடிச்சுதா இத?”

அம்மா ஆமாம் என்றாள். டாக்டர் அடுத்ததைக் கேட்டார். “யாராச்சும் வாயில கைய வுட்டீங்களா?”

அப்பா வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தப்புச் செய்த பையன் மாதிரி அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அம்மாதான் வாயைத் திறந்தாள்.

“வுட்டாருங்க சார். விரல்ல வெட்டுக்காயம் வேற.”

“இது வெறிநோயும்மா. மாட்ட மறந்துடுங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில ரொம்ப நேரம் கழுவிட்டு, ஜல்தியா விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசிய ஒண்ணுகூட வுட்டுடாதீங்க.”

பம்ப்செட்டில் அம்மா அப்பாவின் கையைத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். “என் ஊறுகாயாலதானே இப்படி” என்று அழுதாள். அப்பா, “சும்மா இரு, புள்ள பாக்குது” என்றார். மாடு செத்ததும் ஆழமாகக் குழி எடுத்துச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். பால் காய்ச்சித்தானே குடித்தீர்கள், பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பாவுக்குக் காயத்திலும் தோளிலும் ஊசி போட்டு, மறுபடி மறுபடி வரச்சொன்னார்கள்.

இனி பயமில்லை என்று அம்மா எனக்குச் சொல்லத்தான் செய்தாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். அந்த நோய் வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாதாம். டம்ளரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொண்டு அலறுவார்களாம். அவள் சொன்னதைத்தான் நான் நம்பினேன்.

அதனால் தினமும் காலையில் கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவைக் காவல் காத்தேன். அவர் எழுந்து வந்து, குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, வாசற்படியில் உட்கார்வார். சொம்பைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அண்ணாந்து குடிப்பார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். பல் தேய்க்கவே அதற்குப் பிறகுதான் போவேன்.

ஒருநாள் பாதிக் குடிக்கும்போது புரையேறியது. தண்ணீர் மூக்கில் வந்தது, கண் பிதுங்கியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் வீல் என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து, கிட்டே போகவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இன்னாங்க... இன்னாங்க...” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இருமல் அடங்கியது. அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. எழுந்துபோய் இன்னொரு சொம்பு மொண்டு வந்து, எங்கள் முன்னால் நின்று, சொம்பு காலியாகும்வரை குடித்தார். பாதி பனியனில்தான் கொட்டியது. கத்தியதற்குக் கோபம் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம் அம்மா போட்டதில் கெடாமல் நின்றது அந்த ஊறுகாய் ஒன்றுதான். அந்த ஜாடி வாயில் கட்டிய துணியை யாரும் அவிழ்க்கவில்லை.

நான் வேலைக்குப் போய், ஹாஸ்டலில் ஒரு காலையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. அப்பா டீப்பைத்தியம். எழுந்தவுடன் டீ இல்லாவிட்டால் வீட்டை இரண்டு பண்ணிவிடுவார். அந்த ஊசி நாட்களுக்கு முன்னால் அவர் காலையில் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே கிடையாது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் எதற்காக நின்றேனோ, அதற்காகத்தான் அந்தப் பக்கம் அவரும் சொம்போடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் பயந்துகொண்டிருப்பது நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.