வீராயி தோட்டத்துக்கு ஊரெல்லாம் வக்கீல்

வக்கீலுக்கு வாய்தான் மூலதனம் என்று எவன் சொன்னானோ, அவனை ஒரு வாரம் என் ஆபீஸில் உட்கார வையுங்கள். இந்தத் தொழிலுக்கு வேண்டியது காது. அதைவிட முக்கியமாக, வருகிற கோபத்தை விழுங்குகிற தெம்பு. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். தெம்புதான் கிடையாது. உங்கள் குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினையோ வரப்புத் தகராறோ வந்து, நீங்களும் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர் என்றால், நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று சொல்லாமலே புரியும். மதுரையில் நான் கறுப்புக் கோட்டு மாட்டிய புதிதில் வந்த ஒரு கேஸ். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. உங்களிடமாவது கொட்டித் தீர்க்கிறேன்.

வெயிலில் ஒரு கட்சிக்காரி

சிம்மக்கல்லில் இருந்த என் ஆபீஸுக்குள் ஒரு சித்திரை மாசத்துக் காலையில் நாலு ஆண்கள் நுழைந்தார்கள். உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு தோட்டம், நடுவில் கிணறு, அண்ணன் தம்பி தகராறு, தம்பி செத்துப்போனான், அண்ணன்காரன் தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று துண்டு துண்டாக விஷயம் வந்தது. அந்த நாலு பேரில் தோட்டம் யாருக்குச் சேர வேண்டும் என்று கேட்டேன். நாலு பேரும் முழித்தார்கள். சோணை என்கிறவன், கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி முன்னால் உட்கார்ந்தவன், வாசலைக் காட்டினான். தெருவில், கொளுத்துகிற வெயிலில், கூண்டில்லாத மாட்டு வண்டியில் ஒரு பெண் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன முத்தையாவின் பெண்டாட்டி. பேர் வீராயி. சோணையின் கூடப் பிறந்த தங்கை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன். "கேஸ் அவளுது, நீங்க நாலு பேரும் நிழல்ல உட்கார்ந்து மோர் குடிக்கிறீங்களா?" என்று கத்தினேன். சோணை கொஞ்சமும் அசரவில்லை. "அவளை உள்ளே கூப்பிட்டு என்னங்க ஆகப் போகுது? பொம்பளை. ரெண்டு பாட்டம் அழுவா, அம்புட்டுத்தான்" என்றான்.

ஒற்றைக் கேள்வி

வீராயி உள்ளே வந்தாள். அழவில்லை. அவளுக்குப் பிள்ளை கிடையாது. அன்றைய சட்டத்தில் அவளுடைய நிலைமை ஒரே ஒரு கேள்வியில் தொங்கியது. முத்தையா அண்ணனோடு பாகம் பிரிந்து தனியாக இருந்து செத்தானா, பிரியாமல் ஒன்றாக இருந்து செத்தானா? பிரிந்திருந்தால் அவன் பங்குத் தோட்டம் பெண்டாட்டிக்கு, அவள் ஆயுசு உள்ளவரைக்கும். பிரியவில்லை என்றால் தோட்டம் முழுக்க அண்ணன் பெரியசாமிக்கு. அவளுக்குச் சோறும் சேலையும் மட்டும். இதைத் தெரிந்துகொண்டுதான் பெரியசாமி, தம்பி காரியம் முடிந்த கையோடு, "நாங்க என்னிக்குப் பிரிஞ்சோம்?" என்று அவளைத் தோட்டத்தைவிட்டு விரட்டியிருக்கிறான்.

பிரிந்தது நிஜம். வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி தம்பிக்கு, கிணறு பொது. எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்து எதுவும் இல்லை. பிரித்துவைத்த பெரியவர்களில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள், மிச்சம் இருக்கிறவர் பெரியசாமிக்குச் சம்பந்தி. வாய்ப்பேச்சாகப் பிரிந்தாலும் சட்டத்தில் செல்லும், ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டும் என்று அவளிடம் விளக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மொளகா நாத்துப் பாவி நட்டது நானுங்க. என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?"

காப்பிக் கடை ஆலோசனை

சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுவோம், அதுவரை தோட்டத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது, போனால் வம்பு என்று சோணையிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினான். என் ஆபீஸிலிருந்து இறங்கினவன் நேரே கோர்ட்டுக்கு எதிரே இருந்த காப்பிக் கடைக்குப் போயிருக்கிறான். அங்கே தோசை வார்க்கிறவர் முதல் பெட்டியடியில் உட்கார்ந்து காசு வாங்குகிறவர் வரை எல்லாரும் சட்டம் படித்தவர்கள். 'யார் கையில் அனுபவத்தில் இருக்கோ அவனுக்குத்தான் சொத்து, போய் வேலியைப் போடு' என்று பெட்டியடிக்காரர் உத்தரவு கொடுத்துவிட்டார். மறுநாள் விடியற்காலையில் நாலு பேரும் முள்ளை வெட்டிக்கொண்டுபோய் வேலி கட்டினார்கள். பெரியசாமி ஆட்கள் பிடுங்கினார்கள். கம்பு, அரிவாள், போலீஸ். கடைசியில் சிவில் கோர்ட்டு முடிவு சொல்லும்வரை இரண்டு தரப்பும் தெற்குத் தோட்டத்தில் காலே வைக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போட்டுவிட்டார். காய்க்கிற நேரத்தில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட நாதியில்லை.

சோணை தலையில் கட்டோடு வந்து நின்றான். என் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "உங்ககிட்டக் கேட்டா இதைச் செய்யாதே அதைச் செய்யாதேன்னுதான் சொல்றீக. அவருதான் செய்யின்னு ஒரு வேலையைச் சொன்னாரு. வக்கீல்னா அப்படில்ல இருக்கணும்!"

சாட்சிக்கு வராத சாட்சி

தெற்குமாசி வீதிப் பக்கம் மிளகாய் மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் அண்ணன், தம்பி இரண்டு பேரிடமும் வருஷக் கணக்காகச் சரக்கு எடுத்தவர். அண்ணன் மூட்டை வேறு, தம்பி மூட்டை வேறு, பேரமும் வேறு வேறு. அவர் ஒருத்தர் வந்து இதைச் சொன்னால் பாதிக் கேஸ் முடிந்தது. நானே மண்டிக்கு நடந்தேன். நாற்காலி போட்டார், சர்பத் வரவழைத்தார், முத்தையாவை நினைத்துக் கண் கலங்கினார். "அந்தப் பொம்பளைப் பிள்ளைக்கு அநியாயம் நடக்குது, அல்லா பொறுக்க மாட்டான்" என்றார். அப்படியானால் சாட்சிக்கு வாருங்கள் என்றேன். உடனே விசிறியை எடுத்து வேகமாக விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

நான் விடவில்லை. வாதாடினேன், கெஞ்சினேன், கடைசியில் குரலை உயர்த்தினேன். மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ராவுத்தர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் எழுந்து என்னை வாசல்வரை வழியனுப்பிச் சொன்னார்: "நீங்க சொல்றது அம்புட்டும் ஹக்கு, நியாயந்தான் வக்கீலய்யா. ஆனா நாளைக்கு எனக்கு மொளகா பெரியசாமி போடணும், கோர்ட்டா போடும்?"

ஒரு வயிறு

பெரியசாமிக்காக ஆஜரானவர் என்னைவிட மூத்த வக்கீல். நல்ல மனுஷர் என்று பெயர். வக்கீல்கள் அறையில் வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் தள்ளி, சமரசம் பேச ஆரம்பித்தார். மாசம் இவ்வளவு நெல், தீபாவளிக்கு ஒரு சேலை, மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை. "அவளுக்கு இதுவே அதிகம், வாங்கிக் கொடுத்துட்டுப் போய்யா" என்றார்.

எந்தக் கொட்டகை தெரியுமா? அவளும் முத்தையாவும் தட்டி வைத்துக் கட்டினது. அதிலேயே அவளுக்கு ஓர் ஓரம் பிச்சை போடுகிறார்களாம். அவர் வெற்றிலை எனக்கு வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். அவருக்கு நிஜமாகவே நான் கோபப்பட்ட காரணம் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "ஒத்தை வயிறு ஓய்! ஒரு வயித்துக்கு எதுக்கு ஒரு தோட்டம்?" என்றார்.

வாய்தா

அப்புறம் வாய்தா. பெரியசாமிக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தா, அவன் வக்கீல் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு வாய்தா, முன்சீப் லீவு என்று ஒரு வாய்தா. ஒவ்வொரு தடவையும் வீராயி கோர்ட்டு வாசல் வேப்ப மரத்தடியில் வந்து உட்காருவாள். ஒரு நாள் சோணையை ஸ்டாம்பு வாங்கிவர அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினேன். முத்தையாவுக்கும் அண்ணனுக்கும் எப்போதாவது சண்டை வந்ததா என்று கேட்டேன். சோணை பக்கத்தில் இல்லாத தைரியத்தில் கடகடவென்று சொன்னாள். முத்தையா சாவதற்கு முந்தின கோடையில், தண்ணீர் இறைக்கிற முறையில் தகராறாகி, பெரியசாமி கம்பால் அடித்து முத்தையாவின் மண்டையை உடைத்திருக்கிறான்.

சோணை திரும்பி வந்ததும், "இதை ஏண்டா எங்கிட்டச் சொல்லலை?" என்று பாய்ந்தேன். "அது வீட்டு அசிங்கங்க, கோர்ட்டுல சொல்லலாமா?" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. அன்றைக்கும் வாய்தாதான் என்று கோர்ட்டு டவாலிச் சேவகன் கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "நாம காத்துக் கெடப்போம் ஐயா. செடி காத்துக் கெடக்குமா?"

கூண்டில் பெரியசாமி

விசாரணை நாளும் வந்தது. வீராயி கூண்டேறி, பிரிந்த கதையைத் தடுமாறாமல் சொன்னாள். ஆனால் அவள் பேச்சுக்குப் பக்கபலமாகச் சொல்ல ஒருத்தரும் இல்லை. பெரியசாமிக்கு அவன் வக்கீல் நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார். என்ன கேட்டாலும் ஒரே பதில். அடுப்பு? "ஒண்ணுதானுங்க." வெள்ளாமை? "ஒண்ணாத்தானுங்க." கிணறு? "அதுவும் ஒண்ணுதானுங்க." முன்சீப் கொட்டாவி விட்டார். வீராயி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோட்டம் என் கண்ணெதிரே கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணா இருந்த தம்பி ஒரு நாள் கமலை கட்டித் தண்ணி இறைச்சான். அதுக்குப் போய் அவன் மண்டையை உடைச்சீரா இல்லையா?" என்று கேட்டேன். பெரியசாமி தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். "கோர்ட்டைப் பார்த்துச் சொல்லும். ஒரு நியாயமும் இல்லாம, சொந்தத் தம்பியை, தண்ணி இறைச்சதுக்காக அடிச்சீரா?" அவன் வக்கீல் எழுந்தார். அதற்குள் பெரியசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. பொய் சொல்கிறாய் என்று சொல்லியிருந்தால் பேசாமல் நின்றிருப்பான். தண்ணீர் விஷயத்தில் நியாயம் இல்லாதவன் என்றால் நிலத்தில் பாடுபடுகிற எந்தச் சம்சாரி பொறுப்பான்? கூண்டுக் கட்டையை ஓங்கித் தட்டினான். "யாரு நியாயமில்லாம அடிச்சது? அன்னிக்கு என் முறை! ஒரு நா எனக்கு, ஒரு நா அவனுக்குன்னு பாகம் பிரிச்ச அன்னிக்கே பேசினதுங்க. என் முறையில அவன் வந்து மாட்டைப் பூட்டினா விட்டுருவேனா?"

ஜெயித்த பிறகு

தோட்டம் வீராயிக்கு என்று தீர்ப்பாயிற்று. மறு வாரமே சோணை அவளை அழைத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. தெற்குத் தோட்டத்தைத் தங்கை ஆயுசுவரைக்கும் தன் பொறுப்பில் விட்டதாக ஒரு பத்திரம் எழுத வேண்டுமாம். அவளுக்குச் சோறும் சேலையும் அவன் பார்த்துக்கொள்வானாம். "ஆம்பளைத் துணை இல்லாம கமலை இறைக்க முடியுங்களா? நாளைக்கே செடி நடணும். நீங்க எழுதுங்க, அவ ரேகை வைப்பா" என்றான்.

சோறும் சேலையும்! பெரியசாமி கொடுக்கிறேன் என்றதும் அதைத்தான். அதற்கா இத்தனை நாள் தொண்டை வற்றக் கத்தினேன்? பேனாவை எறிந்துவிட்டு எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் வீராயி முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, கூலிக்கு ஆள் பேசுகிற குரலில் சொன்னாள்: "கமலைக்குக் கூலிக்கு ஆள் வச்சுக்கிறேண்ணே. உனக்கு முடியும்னா நீயே வா. மத்தவனுக்குக் கொடுக்கிற கூலிதான் உனக்கும்."

ஆக, கட்சிக்காரிக்காக எதிர்க்கட்சியோடு மல்லுக் கட்டுவது இந்தத் தொழிலில் பாதி வேலைதான். மீதிப் பாதி, அவளைக் கையைப் பிடித்து நம்மிடம் கூட்டிக்கொண்டு வந்தவனோடு.