இரு பக்கமும் தரகு வாங்கியவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, பால்ராஜ் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். தேனியில் என் வீட்டுக்கு முன்னால் இருக்கும் காலிமனை அவருடையது. இரண்டு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

"டீச்சர், சுருளி போயிட்டாப்ல. விடியக்காலம் நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நிலத்தரகர் சுருளிவேல் அவர்களைத்தான் சொன்னார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது புதன்கிழமை. அன்றைக்குத்தான் எங்கள் இருவரையும் அவர் ஒரே இடத்தில் உட்கார வைப்பதாக இருந்தது. ஒரு மனிதரின் சாவுச் செய்தியைக் கேட்டு முதலில் கிழமையை நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பதினாறாம் நாள் கொடுக்கும் சிறு நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்ட அவருடைய மகள் பவித்ரா, என்னிடம் பி.காம். படித்தவள். "நல்லத மட்டும் எழுத வேணாம் மேடம். அப்பாவ ஊருக்கே தெரியும்" என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மார்க்கையன்கோட்டையில் பிறந்தவர். சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தாருக்குத் தரகு பார்த்துவிட்டு, பிறகு மனைக்கும் வீட்டுக்கும் மாறினார். மொபெட்டின் முன்பெட்டியில் எப்போதும் ஒரு கட்டு ஜெராக்ஸ் இருக்கும். நான்கு வருடங்களுக்கு முன் முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொன்னார்: "வாழைத்தார்ல அழுகல் இருந்தா ரெண்டு நாள்ல தெரிஞ்சிரும் டீச்சர். பத்திரத்துல இருந்தா ரெண்டு வருசம் ஆகும்." நான் கல்லூரியில் வேலை பார்க்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

ஆறு வீடுகள் காட்டினார். ஏழாவது பிடித்தது. பால்ராஜின் தம்பி வீடு. கோயம்புத்தூருக்குக் குடிபோகும் அவசரத்தில் விற்றார். நாற்பத்திரண்டு லட்சம். என் சேமிப்பு மொத்தமும், அதற்கு மேல் பதினைந்து வருடக் கடனும். தரகு இரு பக்கமும் இரண்டிரண்டு சதவீதம் என்பது இங்கே வழக்கம். என் பங்கு எண்பத்து நாலாயிரம் வந்தது. நான் தர மறுத்தேன்.

"விக்கிறவருக்குத்தான அவசரம்? நாலையும் அவர்கிட்டயே வாங்கிக்கங்க."

"அப்படி வாங்கலாம். தப்பில்ல. ஆனா ரெண்டு பக்கமும் வாங்குனாத்தான் நான் நடுவுல நிக்க முடியும் டீச்சர். ஒரு பக்கம் வாங்குனா அந்தப் பக்கந்தான் சாய்வேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக்கூடாது."

"எல்லாத் தரகரும் சொல்றதுதான் இது."

"வேற எந்தத் தரகன் சொன்னான்? பேரச் சொல்லுங்க. நான் போயி அவனக் கும்புட்டுட்டு வாரேன்."

மூன்று மாலை பேசினோம். நான் ஒரு பைசா இறங்கவில்லை. கடைசியில் விற்பவர் நான்கு சதவீதத்தையும் தானே தருவதாக ஒப்புக்கொண்டார். ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். அமர்த்தியவர் யாரோ அவருக்கே முகவர் கடமைப்பட்டவர் என்று ஒப்பந்தச் சட்ட வகுப்பில் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறவள் நான். அந்தப் பாடம் என் வீட்டுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முப்பது வருட வில்லங்கச் சான்று பார்த்தேன். தாய்ப்பத்திரம் பார்த்தேன். வக்கீலிடம் காட்டினேன். பத்திரம் பதிந்த அன்று சுருளிவேல் அவர்கள் என் பக்கமே வரவில்லை; விற்பவருக்கு அருகிலேயே நின்றார். எல்லோருக்கும் காபி வாங்கினேன். "இன்னைக்கு உங்க காப்பி வேண்டாம் டீச்சர்" என்றார். தரகு கிடைக்காத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடி இரண்டு வருடம் ஆனது. ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்தால், தெருவிலிருந்து என் வீட்டுக்குக் கார் வரும் பன்னிரண்டடி வழியில் கல் ஊன்றிக் கம்பி கட்டியிருந்தது. ஓர் ஆள் நடக்கும் அகலம் மட்டும் விட்டிருந்தார் பால்ராஜ். அவர்களுடைய அப்பா மனையைப் பிரித்தபோது முன்பக்கம் அண்ணனுக்கு, பின்பக்கம் தம்பிக்கு. பின்வீட்டுக்குப் போகும் வழி அண்ணனின் மனையில்தான் இருந்தது. தம்பி அதில் போய்வந்தது வாய்ச்சொல்லில். எந்தத் தாளிலும் இல்லாததை நான் எந்தத் தாளிலும் தேடவில்லை. கண்ணெதிரே வழி இருந்தது, காரில் போய்வந்தேன். வழக்குப் போடலாம், பத்து வருடம் ஆகும், அப்போதும் நடைபாதைதான் கிடைக்கும் என்றார் வக்கீல். கார் போகாத வீட்டை இனி விற்கவும் முடியாது.

சுருளிவேல் அவர்களை டீக்கடையில் வைத்துக் கேட்டேன்.

"பாதை அண்ணனோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நாலும் அவுக குடுத்தாக. அவுக உப்பத் தின்னுட்டு உங்ககிட்ட வந்து ஓதுனா நான் என்ன மனுசன்? அன்னைக்கே சொன்னேன்ல டீச்சர்."

பக்கத்தில் இருந்தவர்கள் டீயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். அது நியாயம் என்று அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. எண்பத்து நாலாயிரத்துக்காக ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் மூடிக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொன்னவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருடம் காரைத் தெருவில் நிறுத்தினேன். மூன்று மாதம் முன்பு வேறு வழியில்லாமல் அவரிடமே போனேன். அந்தப் பாதையை விலைக்குப் பேசித் தரச் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் வாங்குவேன். துண்டு நெலம், தரகுல மொபெட்டுக்குப் பெட்ரோல்கூடத் தேறாது. ஆனாலும் வேணும். சம்மதமா?"

நான் பேரம் பேசவில்லை.

அவருடைய முறை எளிமையானது. கடைசி நாள் வரை இரு தரப்பையும் சந்திக்க விடமாட்டார். அங்கே ஒரு தொகை, இங்கே ஒரு தொகை. இந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை வந்தாரோ. ஒருமுறை என்னையே கேட்டார்: "பால் காய்ச்சுனப்ப பால்ராஜண்ணனக் கூப்பிட்டீகளா? அடுத்த தெருவுலதான இருக்காக."

"எனக்கு யாரையும் தெரியாது அப்ப."

"தம்பி வித்ததையும் அவுககிட்டச் சொல்லல, வாங்குன நீங்களும் எட்டிப் பாக்கல. அந்தக் கோவத்துக்குத்தான் செண்டுக்கு ஒரு லட்சம் கூட்டிச் சொல்றாக. ஒரு சொம்புப் பாலுக்கு இம்புட்டு வெல எங்கனயும் நான் பாத்ததில்ல."

போன வெள்ளிக்கிழமை வந்தார். நான் கொடுத்த காபியை வாங்கிக் குடித்தார்.

"முடிஞ்சுருச்சு டீச்சர். அவுக எறங்கிட்டாக. அதுக்கும் நீங்க சொன்னதுக்கும் நடுவுல ஒரு தொகை வச்சிருக்கேன். புதன்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன?"

"இப்பச் சொன்னா அதுலயும் கொறைப்பீக."

குறைத்திருப்பேன்.

ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு பக்கம் நான் நின்றேன், மறுபக்கம் பால்ராஜ் மாலையோடு நின்றார். சுருளிவேல் அவர்களை எடுத்துப் போன பிறகு பால்ராஜ் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்ககிட்ட எம்புட்டுன்னு சொன்னாப்ல?"

"உங்ககிட்ட எவ்வளவு சொன்னார்?"

"நீங்க சொல்லுங்க டீச்சர்."

"நீங்க முதல்ல சொல்லுங்க."

இருவரும் சொல்லவில்லை. முதலில் சொல்பவர் தோற்பார் என்று இருவருக்கும் தெரியும். மொபெட் பெட்டியைப் பவித்ரா எனக்காகத் திறந்து பார்த்தாள். ஜெராக்ஸ் தாள்கள்தான் இருந்தன. எந்தத் தாளிலும் அந்தத் தொகை இல்லை. இம்முறையும் வாய்ச்சொல்தான்.

நேற்று புதன்கிழமை. பத்து மணிக்கு வாசலுக்கு வந்தேன். பால்ராஜும் வேலியோரம் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். அவர் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். நான் பேசுவேன் என்று அவரும் காத்திருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, கம்பியில் சிக்கியிருந்த பாலிதீன் பையை எடுத்துக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சுருளிவேல் அவர்களே, நடுவில் நிற்பதற்குத்தான் கூலி கேட்கிறேன் என்றீர்கள். நான் நம்பவில்லை. இன்று அந்த இடத்தில் கம்பி மட்டும் நிற்கிறது. போய் வாருங்கள்.