மாடத்தில் இருந்த மூன்றாமவர்

இந்த நாட்டில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கும். என் அண்ணி அதில் அண்ணனின் பெயரை எழுதுவார். நம்பருக்குரிய இடத்தை வெறுமையாக விடுவார். பல் வைத்தியரிடமும் அதுதான், நூலகத்திலும் அதுதான். பெருவுக்குப் போக டிக்கெட் எடுக்க ரொறன்ரோவின் மில்லிக்கனில் உள்ள பிரயாண முகவரிடம் போனபோதும் அப்படியே எழுதினார். "அன்ரி, நம்பர் இல்லையே," என்றாள் அங்கே இருந்த பெண். "தேவையெண்டா அவர் எடுப்பார்," என்றார் அண்ணி. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடற்கரைப் படத்தைப் பார்த்தேன்.

அண்ணன் காணாமற்போனது போரின் கடைசி மாதங்களில். சனத்தோடு சனமாக நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. நான் அப்போது ஸ்காபரோவில் ஹீட்டரைக் கூட்டிவிட்டுத் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பிறகு அண்ணியும் எட்டு வயது மகளும் இங்கே வந்துசேர்ந்தார்கள். அண்ணனுக்கு அந்தியேட்டிக் கிரியையும் இல்லை, திவசமும் இல்லை. இப்போது அந்த மகளுக்குக் கல்யாணம். மோர்னிங்சைட்டில் கல்யாணக் காட் அடிப்பவர் மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். தகப்பன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவதா, விடுவதா? கோயிலையும் வேலையையும் தவிர எங்கேயும் போகாத தாய்க்குத் துணையாக என்னையும் என் மனைவியையும் சேர்த்துச் சுற்றுலா ஒழுங்குசெய்த மகள், வழியனுப்ப வந்த விமான நிலையத்தில் என்னைத் தனியே இழுத்துச் சொன்னாள்: "சித்தப்பா, ப்ளீஸ், நீங்களே அம்மாட்டக் கேளுங்கோ. ஐ கான்ட்."

பெருவின் மலைநகரான குஸ்கோவில் இறங்கிய மறுநாள் என் மனைவிக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு ஹோட்டலிலேயே படுத்துவிட்டாள். ஒருநாள் சுற்றுலாவுக்கு நானும் அண்ணியும் மட்டும் பஸ் ஏறினோம். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலையே இல்லாத ரொறன்ரோவில் கிழவனாகிக்கொண்டிருப்பவன் நான். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை ஒன்று முகத்துக்கு நேரே நின்றது. பிசாக் என்ற ஊரில், முன்னர் அந்த நாட்டை ஆண்ட இன்காக்கள் கட்டிய படிவயல்களுக்கு எதிரே செங்குத்தான பாறை முழுவதும் ஓட்டைகள். எல்லாம் கல்லறைகள் என்றார் வழிகாட்டி. எப்போதோ திருடர்கள் தோண்டி எடுத்துவிட்டார்களாம். நான் அதைத் தமிழில் சொன்னேன். "ஒண்டிலயும் ஆக்கள் இல்லையோ?" என்று கேட்டார் அண்ணி. காற்று அந்த ஓட்டைகளுக்குள் புகுந்து வரும் ஒலி எங்கள் பக்கம் வரை கேட்டது. இதுதான் சமயம், கேள் என்று மனம் சொன்னது. நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒல்லந்தாய்தம்போ என்ற ஊர். இன்கா காலத்துக் கல் வீடுகளில் இன்றும் குடியிருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டுக்குள் வழிகாட்டி எங்களைக் கூட்டிப்போனார். வீட்டுக்காரி இரட்டைப் பின்னல் போட்ட நடுத்தர வயதுப் பெண். சன்னல் இல்லாத ஒரே அறை. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலுக்கடியில் வைக்கோலும், அதற்குள் ஓடித்திரிந்து கீச்சிடும், முயல்குட்டி அளவான கினிப்பன்றிகளும். எதிர்ச் சுவரில் புகை படிந்த மாடம், அதில் ஒரு மெழுகுதிரி, கொஞ்சம் பூ. அண்ணிக்கு அது போதும். சப்பாத்தைக் கழற்றினார், கண்ணை மூடினார், கும்பிட்டார். எங்கள் மில்லிக்கன் வீட்டுச் சாமியறையில் தினமும் கேட்கும் அதே வசனம் அங்கேயும் கேட்டது: "அவரைக் கொண்டுவந்து விடு."

அண்ணி கண் திறந்தபோது எனக்கும் இருட்டுப் பழகியிருந்தது. மெழுகுதிரிக்குப் பின்னால் மூன்று மண்டையோடுகள் எங்களைப் பார்த்தபடி இருந்தன. நான் ஒரு அடி பின்வாங்கினேன். அண்ணி கையை இறக்கவில்லை. "ஆரிது?" என்றார்.

வீட்டுக்காரி தங்கள் கெச்சுவா மொழியில் சொல்ல, வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். முதலாமவர் கணவனின் பாட்டன், அடுத்தவர் அவருடைய தம்பி, வீட்டைக் காக்கிறார்கள். மூன்றாமவர் யாரென்று தெரியாது. உருளைக்கிழங்கு வயலை உழுதபோது வெளியே வந்தார். அக்கம்பக்கமெல்லாம் விசாரித்தார்கள், ஒருவரும் வரவில்லை. வெளியே விட்டால் குளிரும், அதனால் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள்.

"இவரைத் தேடுற வீட்டு ஆக்கள் எங்கயாவது இருப்பினம் எண்டு சொல்லும், தம்பி."

சொன்னேன். அது மொழி மாறிப் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரியின் முகம் மாறியது. அண்ணியின் கையைப் பிடித்து மாடத்துக்குக் கிட்ட இழுத்தாள். வழிகாட்டி தயங்கினார். "நீங்கள்தானா அந்த வீட்டு ஆட்கள், கூட்டிப்போகவா வந்தீர்கள் என்று கேட்கிறார்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி குனிந்துவிட்டார். மெழுகுதிரியை எடுத்து, மூன்றாமவரின் பற்களுக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அண்ணனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கிரிக்கெட் பந்து பட்டது. இத்தனை வருடமும் எந்த அடையாளத்தை வைத்துத் தேட வேண்டும் என்று இந்த மனுசி யோசித்தே வைத்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கண்டேன்.

"இவரில்லை," என்றார் அண்ணி. மெழுகுதிரியை இருந்த இடத்தில் வைத்தார். பிறகு தன் நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை உரித்து, மூன்றாமவருக்குக் கீழே மாடத்து விளிம்பில் ஒட்டினார். நாங்கள் வெளியே வரும்வரை வீட்டுக்காரி அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் குஸ்கோவை நோக்கி ஏறத் தொடங்கியது. பொட்டில்லாத அந்த நெற்றியை நான் அதற்கு முன் கண்டதில்லை. பார்க்கப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"மகள் உம்மட்ட என்ன கேக்கச் சொன்னவள் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் அண்ணி. "அமரர் எண்டே போடச் சொல்லும். அங்கயும் ஆராவது அவரைக் குளிராமல் உள்ளுக்க எடுத்து வைச்சிருப்பினம்."

"ஓம் அண்ணி."

வளைவுக்கு வளைவு மலை இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி கைப்பையைத் திறந்து பொட்டுப் பக்கற்றை எடுத்தார். பஸ் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, குலுக்கலுக்குள் கையை நிதானித்து, புதிதாக ஒன்றை நெற்றியில் ஒட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நடுவில இருக்கோ, தம்பி?"