வடிகட்டியில் சிக்காத அட்டை

என் அக்காவின் கணவர் உலகத்திலேயே முதன்முதலாகத் தமிழில் கார்ட் தேடும் கருவி செய்தவர். உலகத்திலேயே முதல் என்பது அவர் சொன்ன கணக்கு. உலகத்தை அவர் எப்போது விசாரித்தார் என்று நான் கேட்கவில்லை. மச்சானிடம் ஒரு கேள்வி கேட்டால், கையிலுள்ள பிளேன்டீ ஆறிப் போகும் வரை பதில் வரும்.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் கடையும் கந்தோரும் மூடியிருக்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர் மாத்தளையில் அவர் வீட்டு முன் ஹோலில் கூடுவோம். மிருகம், மந்திரவாதி, புயல் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த கார்ட்கள். கண்டியில் ஒரு கடையில் பக்கெட் பக்கெட்டாக விற்கும். தன்னிடம் இருப்பதில் நல்லதைப் பொறுக்கி ஒரு கட்டுச் சேர்த்து, எதிரே இருப்பவரின் உயிரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் எல்லாரிடமும் சேர்த்து நூற்றுக்கணக்கில் கார்ட் கிடந்தன. வேண்டியதை வாயால் கேட்போம். "ரெட்டைத்தலை நாய் யாருகிட்ட இருக்கு?" என்றால், வைத்திருப்பவர் எடுத்துக் கொடுப்பார். கேட்டால் கொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்.

இந்த வழக்கம் மச்சானுக்குக் கேவலமாகப் பட்டது. அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறார், போனில் பார்த்துக் கம்ப்யூட்டர் படித்தவர். ஒரு போயா அன்று எங்களை வரிசையாக உட்கார வைத்து, போனைத் தூக்கிக் காட்டி அறிவித்தார்.

"இனி யாரும் வாயால கேக்கக் கூடாது. எல்லாருடைய கார்டும் இதுக்குள்ள இருக்கு. தேடி எடுங்க. இதுல கிடைக்கலன்னா அந்தக் கார்ட் நம்மகிட்ட இல்லன்னு அர்த்தம்."

கருவி தூய தமிழில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பேச்சில் மூச்சுக்கு மூச்சு 'சேர்ச்', 'அப்டேட்' என்பவருக்குத் திரையில் மட்டும் ஒரு ஆங்கில எழுத்து ஆகாது. கார்டைச் 'சீட்டு' என்று போட்டால் அக்கம்பக்கத்தார் சூதாட்டம் என்று நினைப்பார்களாம். அதனால் 'அட்டை' என்று வைத்தார். கார்ட்களைப் பிரித்துக் காட்டும் பகுதிக்கு 'வடிகட்டி' என்று பெயர். நல்ல பெயர்தான். தேத்தண்ணியைப் பிடித்து வைத்துக்கொண்டு தேயிலைத் தூளைக் கோப்பையில் விடுகிற வடிகட்டி. பலம் ஆறு உள்ளதைக் கேட்டால், தண்ணீர் ஓடும் ஆறுகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது.

செய்தவர் அவர் என்று சொன்னேன் அல்லவா, அதிலும் பாதி பொய். திரைக்கு நிறம் பூசி, பொத்தான்களை அடுக்கியது அவர். நூற்றுக்கணக்கான கார்ட்களையும் ஒன்றொன்றாகப் பார்த்து, போன் காட்டும் மொழிபெயர்ப்பை அதில் டைப் பண்ணியது அக்கா. அடுப்பில் சோறு வேகும் நேரத்தில்தான் அவளுக்கு அந்த வேலை. வௌவால் 'மட்டை' ஆனது. கொக்கு 'பாரந்தூக்கி' ஆனது. ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே அக்கா கேட்டாள்.

"என்னங்க, கிரிக்கட் மட்டைக்கு எதுக்கு ரெக்கை?"

"போன்ல வர்றத அப்படியே போடு. நீ யோசிக்காத."

அக்கா யோசிக்கவில்லை. போட்டாள்.

என்னைப் பற்றிய விபரமும் அந்தக் கருவியில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'ஆட்டக்காரர்' என்றிருக்க, என் பெயருக்குக் கீழே மட்டும் 'பார்வையாளர்'. போன வருடமெல்லாம் அவரோடு மோதி விளையாடியவள் நான். கேட்டதற்கு, "அது சும்மா ஒரு செட்டிங், தங்கச்சி. அப்புறம் மாத்தலாம்" என்றார். மாற்றவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது என்று சொன்னால் போதாது. அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

கண்டியில் போட்டி வந்தது. ஒரு குழுவுக்கு ஒரு இடம். ஒவ்வொரு முறையும் போவது மச்சான்தான், ஹோல் அவருடையது என்பதால். இந்த முறை நான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். எல்லார் முன்னாலும் சொன்னேன், விளையாடி ஜெயிக்கிறவர் போகட்டும் என்று. மற்றவர்களும் சரி என்றதால் அவரால் மறுக்க முடியவில்லை. அடுத்த போயாவுக்கு அடுத்த போயா என்று நாள் குறித்தோம்.

அன்றிலிருந்து மச்சான் ஒரு கார்டைத் தேடத் தொடங்கினார். பார்க்க ஒன்றுமில்லாத சின்னப் பிராணி. ஆனால் எதிராளி மேல் ஒட்டிக்கொண்டால், ஆட்டம் முடியும் வரை சுற்றுக்கு ஒரு உயிரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் லீச். அது என்னிடம் இருந்தது. நான் மறைக்கவில்லை. என் மற்றக் கார்ட்களோடு அதையும் அக்காவிடம் கொடுத்து, அவள் அதைக் கருவியில் ஏற்றித் திருப்பித் தந்திருந்தாள். வாய் திறந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வழக்கம் அப்படி. ஆனால் வாயால் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவராயிற்றே.

'லீச்' என்று தமிழில் அடித்தார். ஒன்றுமில்லை. 'இரத்தம் குடிப்பது' என்று அடித்தார். காதில் பாடுகிற நுளம்பு வந்தது. கடைசியில் போனிடமே தமிழ்ச் சொல்லைக் கேட்டார். 'அட்டை' என்றது. அடித்தார்.

எல்லாக் கார்டும் வந்தன. ஒன்று பாக்கியில்லாமல். 'ஓர் அட்டை எடு', 'ஓர் அட்டையைக் கீழே போடு' என்று எந்தக் கார்டில்தான் அந்தச் சொல் இல்லை?

மச்சான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். மாத்தளைக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகும், சப்பாத்து நனையும் இடத்துக்கு அவர் போனதில்லை. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ரத்தோட்டைக்கு மேலே தோட்டத்துக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் ஏறுவேன், அப்படியும் கணுக்காலில் இரத்தம் குடித்துக்கொண்டு ஒன்று தொங்கும். அட்டை என்றால் எனக்கு முதலில் கால்தான் ஞாபகம் வரும். அவருக்குத் தன் கருவிதான் ஞாபகம் வந்தது. போன் தப்பாகச் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். வந்ததை முழுக்க உருட்டிப் பார்த்திருந்தால் எங்கோ நடுவில் அது இருந்தது. உருட்டிப் பார்ப்பது மற்ற மனிதர்களின் வேலை.

"லீச் நம்மகிட்ட இல்ல," என்று இடையில் வந்த போயாவில் அறிவித்தார். "நல்லா தேடிட்டேன். இருந்திருந்தா வடிகட்டில வந்திருக்கும்."

எனக்குச் சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குறித்த நாளில் நானும் அவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். தொடக்கத்தில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. புயலும் பூதமுமாக இறக்கினார். ஒவ்வொன்றையும் இறக்கும்போது கருவியைப் பார்த்து அதன் தமிழ்ப் பெயரைச் சத்தமாக வாசித்தார். பாரந்தூக்கி பறந்து வந்து என்னைக் கொத்தியது. ஒரு கட்டத்தில், பார்வையாளராகவே இருந்திருக்கலாம் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கார்ட் கைக்கு வந்தது. எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றுக்கு ஒன்றாக அவர் உயிர் இறங்கியது. பூதம் இருந்து என்ன, புயல் இருந்து என்ன, ஒட்டியதை எடுக்க அவரிடம் வழியில்லை. கடைசி உயிரும் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இது எங்கயிருந்து வந்துச்சு?"

"உங்க வடிகட்டிலதான் இருக்கு மச்சான். என் பேருக்குக் கீழ."

"இல்ல. நான் தேடினேன். இல்ல."

மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன். கண்டிக்குப் போகப்போவது நான். என்ன உடுத்திப் போவது என்பது வரைக்கும் மனம் ஓடிவிட்டது. அப்போது பிளேன்டீத் தட்டோடு வந்த அக்கா, அதை மேசையில் வைத்தபடி சாதாரணமாகச் சொன்னாள்.

"இருக்குங்க. நான்தானே டைப் பண்ணுனேன். இத்தனை நாளா வீட்டுக்குள்ளேயே தேடுறீங்க, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அப்ப நீயா வந்து சொல்லியிருக்கலாமே."

"யோசிக்காதன்னு சொன்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா கோபமாகவும் இல்லை, ஒவ்வொருவருக்கும் கோப்பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒன்றை நீட்டினாள். மச்சான் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. போனை எடுத்து, மறுபடியும் 'அட்டை' என்று அடித்தார்.