துரை வேடம்

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் ஒரு நாடகம் போட்டார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கும் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர் தலைவிக்கும் தீராத பகை, கூடவே ஆசை. சகிக்க முடியாத கதை. தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குத் துரை வேடம். கொழுந்து பறிக்கும் மல்லிகாதான் தலைவி.

ஒத்திகையில் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். தொழிலாளி ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும், அதுதான் முறை என்றேன்.

"ஆசப்பட்ட பொம்பளையையும் தொர ஜன்னல்லயே நிக்க வெப்பாருங்களா ஐயா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"மொற தெரியாதவ நடிக்க வேணாம்" என்றேன்.

மேடையில் அவள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை, என்னையே பார்த்தாள். சனம் முணுமுணுத்தது.

"வசனத்தச் சொல்லு" என்று பல்லைக் கடித்தேன்.

"நீங்க எந்திரிச்சு வாங்க, சொல்றேன்."

எழுந்து போனேன். என்னைத் திட்டும் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

நாடகம் கெடக் கூடாதென்று எழுந்ததாகப் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். பொய். அந்தப் பார்வைக்காகத்தான் எழுந்தேன். ஆபீஸ் ஜன்னலில் எத்தனையோ பேர் அப்படிக் காத்து நின்றிருக்கிறார்கள். ஒருவருக்காகவும் நான் எழுந்ததில்லை. எழுவதற்கு இரண்டு நொடிதான் ஆகிறது.