எங்கள் வீட்டில் தெலுங்குக்குத் தடை

என் வீட்டுக்காரருக்கு வாய் ஓயாது. பட்டுத்தறியில் உட்கார்ந்துவிட்டால் கையும் காலும் தறியைப் பார்த்துக்கொள்ளும், வாய் மகளைப் பார்த்துக்கொள்ளும். அவள் தறிக்குழி ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவாள். அவர் தெலுங்கில் நரிக்கதை அவிழ்த்துவிடுவார். "எந்துகு?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஏன், எதற்கு என்று தெரியாமல் நரியை ஓர் அடி நகர விடமாட்டாள்.

தெலுங்கு அவர் பிறந்த வீட்டுப் பேச்சு. அதில் எழுதப் படிக்க யாருக்கும் தெரியாது. நான் சந்தவாசல்காரி, எனக்குத் தமிழ் மட்டும்தான். தெலுங்கில் திட்டினால் மட்டும் பளிச்சென்று புரிந்துவிடும்.

மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். மற்ற பிள்ளைகள் வரிவரியாகத் தமிழ் படிக்க, இவள் எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தாள். டீச்சர் எங்களைக் கூப்பிட்டு நல்லவிதமாகத்தான் சொன்னார். "வீட்ல ரெண்டு மொழி பேசறதால குழந்தை குழம்புது. கொஞ்ச நாள் தமிழே பேசுங்க."

இவளுக்குப் படிப்பே வராமல் போய்விட்டால்? அன்றைக்கே சட்டம் போட்டேன், வீட்டுக்குள் தெலுங்கு கூடாது. அவரும் தலையாட்டினார்.

கடையிலும் பஸ்ஸிலும் தமிழில் வெளுத்து வாங்குகிற மனுஷன், பெற்ற பெண்ணிடம் தமிழ் பேசச் சொன்னதும் பேங்க் மேனேஜர் மாதிரி ஆகிவிட்டார். "சாப்டியா? எழுதினியா? சரி, போய்ப் படி." அவ்வளவுதான். நரி ஊரைவிட்டே போய்விட்டது. மகள் தறிப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். படிப்பும் இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர் டேங்குக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. பள்ளியில் கொடுத்த படக்கதைப் புத்தகம் மடியில். ஒரு வரியைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "எந்துகு?" என்று தன்னையே கேட்டு, தெலுங்கில் பதிலும் சொல்லிக்கொண்டு, அடுத்த வரிக்குப் போகிறாள். தடுமாறினாள், ஆனால் நிறுத்தவில்லை. என்னைப் பார்த்ததும் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இல்லம்மா, தமிழ்தான் பேசிகினு இருந்தேன்."

புத்தகம் படித்த பிள்ளை திருட்டு முழி முழிக்கிறாளே! என்மேலேயே ஆத்திரமாக வந்தது. மாடியிலிருந்தே கத்தினேன். "இன்னாங்க! தறிய விட்டுட்டு ஜல்தி மேல வாங்க. உங்க பொண்ணு படிக்கிறா. வந்து தெலுங்குலயே பேசுங்க!"

அதன்பிறகு தினமும் தறியோரம் வாசிப்பு நடந்தது. ஒரு வரி தமிழ், அதற்கு ஒரு பாட்டம் தெலுங்கு. அவர் வேண்டுமென்றே கதையை மாற்றிச் சொல்வார். அவள் சண்டைக்குப் போய், அதே வரியை விரல் வைத்து மறுபடி படித்துக் காட்டுவாள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அவளிடம் ஒரு புதுப் புத்தகத்தை நீட்டினார். நான் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். மெதுவாகத்தான், ஆனால் விடாமல். முடித்ததும் அப்பா பக்கம் திரும்பி அதைத் தெலுங்கில் சொன்னாள். அவர் டீச்சர் இருப்பதையும் மறந்து சிரித்துவிட்டார்.

"அப்பாவுக்குத் தமிழ் தெரியாதா?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரியும் மிஸ்" என்றாள் மகள். "தமிழ்ல சொன்னா அவரு சிரிக்க மாட்டாரு."